தாத்தாவுக்கு 96, அப்பாவுக்கு 58: அந்தக் கால ஆயுள் உண்மையில் எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய தாத்தா கம்பங்கூழும் கேப்பைக்களியும் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் 96 வயது வரை வாழ்ந்தார். அப்பா போன வருடம் 58 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். "பழைய சாப்பாட்டை விட்டதாலும் மாத்திரை மருந்துக்குப் பழகியதாலும்தான் நம் ஆயுள் குறைந்துவிட்டதா?" என்று கேட்கிறார்.

அப்பாவை இழந்தவர் கேட்கும் கேள்வி இது. "இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருடத்துக்கு மேல் டாக்டராக இருந்தவன். எனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

தாத்தாவின் வயதோடு நிறுத்தாதீர்கள். அவரோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கல்யாண வயதைத் தொட்டார்கள் என்றும் வீட்டில் விசாரியுங்கள். என் அப்பத்தாவும் 91 வயது வரை இருந்தவர்தான். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே ஒருநாள் கணக்குச் சொன்னார்: "பெத்தது ஒம்பது, தங்குனது நாலு." இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "மூத்தவன் அம்மையில போனான். அடுத்தது பொண்ணு, பொறந்த எட்டாம் நாளு ஜன்னி கண்டு போச்சு. ரெண்டு பேதியில, ஒரே வாரத்துல. கடைசிக்கு முந்தினதுக்கு என்ன காய்ச்சல்னே தெரியல." ஐந்து விரலும் மடங்கிவிட்டன. அவர் அழவில்லை. அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுக் கணக்கும் அப்படித்தான் இருந்தது.

எட்டாம் நாள் ஜன்னி என்று அவர் சொன்னது ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். தொப்புள்கொடியைக் கதிர் அரிவாளால் அறுத்து, புண்ணில் சாம்பலோ சாணியோ வைத்ததால் உள்ளே போன கிருமி. கர்ப்பிணிக்கு ஊசியும், கொடியை அறுக்கச் சுத்தமான பிளேடும் வந்ததும் அது ஒழியத் தொடங்கியது. 2015இல் தாய் சேய் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறக்கும் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளையும். பால் குடிக்க வாய் திறக்காது. இன்று மருத்துவக் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்க்கிறார்கள்.

சுதந்திரம் வாங்கிய சமயத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 வருடம். இதைச் சொன்னதும், "அப்போ எல்லாரும் 32 வயதில் செத்தார்களா? எங்கள் ஊரில் எத்தனை கிழவர்கள் இருந்தார்கள் தெரியுமா?" என்பார்கள். கிழவர்கள் இருந்தது உண்மை. 32 என்பதும் உண்மை. பத்துக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பிறந்த சில நாளில் போய்விடுகின்றன. ஒன்று நாலு வயதில். இரண்டு பேர் முப்பதில். ஒருத்தி பிரசவத்தில், ஒருவன் காசநோயில். மிச்சம் நாலு பேர் 65 வயது வரை வாழ்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 32.4 வரும். அந்த நாலு பேரைத்தான் நம் தாத்தா பாட்டி என்று நாம் பார்த்தோம். மற்ற ஆறு பேருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயது முடிவதற்குள் இறப்பவை தமிழ்நாட்டில் 1971இல் 113. 2020இல் 13. சராசரி ஆயுள் நம் மாநிலத்தில் 72ஐத் தாண்டியதற்கு ஒரு பெரிய காரணம், ஆயிரத்துக்கு இப்படிப் பிழைத்த இந்த 100 குழந்தைகள்.

நம் பேச்சு வழக்கே அந்தக் காலத்துக்குச் சாட்சி. "பேதியில போவ", "கொள்ளையில போவ" என்று கிழவிகள் வாய் நிறையத் திட்டுவார்கள். கொள்ளை என்றால் கொள்ளைநோய், காலரா. காலையில் நன்றாக இருந்த ஆள் சாயங்காலம் பாடையில் போவதைப் பார்த்த வாயிலிருந்து வந்த வசவு அது. முதல் இரண்டு குழந்தை தங்கவில்லை என்றால் மூன்றாவதைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். மட்டமான பெயர் வைத்தால் எமன் கண்ணில் படாது என்று நம்பினார்கள். அறுபதாம் கல்யாணத்தை ஊர் கூட்டிச் செய்ததற்கு அறுபது வருடச் சுழற்சி முடிவது ஒரு காரணம். புருஷன் அந்த வயதைத் தொடும்போது பெண்டாட்டியும் உயிரோடு இருப்பது அபூர்வம் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கம்பு, கேழ்வரகு, சோளம், சாமை எல்லாம் நல்ல தானியங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; அரிசி பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் புன்செய்க் காட்டு ஜனங்கள் அதைச் சாப்பிட்டது சத்துக்காக அல்ல, வேறு வழியில்லாமல். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மழை பொய்த்தால் கூழும் இல்லை. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த 1876–78 பஞ்சத்தில் செத்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல். நிவாரண வேலைக்கு வந்த ஆம்பளை ஆளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்த கூலி நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. கல் உடைக்கிற உடம்புக்கு அது பற்றாது, பருப்பும் காய்கறியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். பட்டினிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அன்றைக்கே நேருக்கு நேர் கண்ட மனிதர் அவர்.

பஞ்சம் இல்லாத வருடத்துச் சாப்பாடும் அவ்வளவு உயர்வு இல்லை. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பஞ்சாப், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடம், வங்காளம், சென்னை என்று ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் தனித்தனிக் கூட்டத்துக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. வரிசையில் கடைசியில் நின்றது நம் சென்னை மாகாண அரிசிச் சாப்பாடு. தட்டில் சோறு குவிந்திருக்கும், பாலும் பருப்பும் கீரையும் பேருக்கு இருக்கும் என்பதுதான் காரணம். நமக்கு ஒரு விஷயத்தில் நல்ல காலம்: புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காய வைக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். மில்லில் தீட்டிய பச்சரிசி தின்ற ஊர்களை, தவிட்டுச் சத்து இல்லாததால் வரும் பெரிபெரி நோய் முடக்கியபோது, புழுங்கல் அரிசி தின்றவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

உணவா மருந்தா என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது காசநோயின் கதை. அதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் இறந்தார். வயது 42. அந்த நோயைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. நம் பக்கம் அது பரவலாக வந்து சேரவில்லை. அதுவரை காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் 1928இல் தொடங்கிய சானடோரியம் அதற்காகவே ஏற்பட்டது. ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஆனால் படுக்கைகள் எத்தனை, நோயாளிகள் எத்தனை? காத்திருந்தே பலர் செத்தார்கள்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில்: படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவு தங்கள் வீட்டிலேயே: ஓர் அறையில் ஆறேழு பேர், பற்றாக்குறைச் சாப்பாடு, உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போக வேண்டிய நிலைமை. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்கள்தான் நன்றாகக் குணமாவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தபோது இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தன. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சென்னைக் குடிசை வீடுகளில் நடந்த அந்த ஆய்வு முக்கியக் காரணம். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

இதோடு நிறுத்தினால், "பார்த்தீர்களா, சாப்பாடு முக்கியமில்லை, மருந்து போதும்" என்று ஆகிவிடும். அதே நோயில் இன்னொரு ஆய்வு நடந்தது, 60 வருடம் கழித்து. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதா மாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சென்னை மையமும் அதில் பங்கெடுத்தது. 2023இல் வெளிவந்த முடிவு: அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. எந்தத் தடுப்பூசியும் போடவில்லை. வயிறு நிறைந்தது, அவ்வளவுதான். நோய் வந்தவனைக் காப்பாற்றியது மருந்து. வராமல் காத்தது சோறு. இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்க முடியாது.

வயிற்றுப்போக்கும் அப்படித்தான். அதற்கு மருந்து என்று பார்த்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். 1971 வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கி வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். காலராவில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. நம் ஊரில் பேதியாகிற குழந்தைக்குத் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்ற பழக்கம் இருந்தது. கொடுத்தால் இன்னும் போகும் என்று பயம். எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழை இரவில் எட்டு மாதக் குழந்தையைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். உச்சிக்குழி பள்ளமாகிக் கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. சலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. பாலாடையில் ஓ.ஆர்.எஸ். என்ற அந்த உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பாட்டியே புகட்டினார், விடிய விடிய. நாலு மணி வாக்கில் குழந்தை அழுதது, கண்ணீரும் வந்தது. கண்ணீர் வந்தால் உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாட்டி என்னிடம், "இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா எனக்கு ரெண்டு தங்கியிருக்குமே சாமி" என்றார்.

சரி, அப்பாவின் கதை. அது வேறு.

அவர் குழந்தையாக இருந்தபோது போயிருக்க வேண்டிய பத்துப் பதினைந்து நோய்களிலிருந்து தப்பினார். பெரியம்மை அவர் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஒழிந்தது. 1975க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் இல்லை. அப்படித் தப்பி நடுவயதுக்கு வந்தவரை இதயம் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இதயநோயே இல்லை என்பது தவறு. "நெஞ்சு அடைச்சு உக்காந்தவாக்கிலேயே போயிட்டார்" என்று சொன்ன சாவெல்லாம் என்னவாம்? ஆனால் இன்று கூடியிருக்கிறது, வயது குறைந்து வருகிறது என்பது உண்மை. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிற இடம் இதுதான்.

தாத்தா குண்டான் நிறையக் களி தின்றார் என்றால் விடிகாலையிலிருந்து கமலை ஓட்டினார், வரப்பு வெட்டினார், சந்தைக்கு நடந்தே போய் வந்தார். பாட்டி நெல் குத்தினார், ஆட்டுக்கல்லில் ஆட்டினார், தண்ணீர் சுமந்தார். தின்றதெல்லாம் வேர்வையாகப் போனது. அப்பா காலத்தில் பம்புசெட்டும் கிரைண்டரும் மோட்டார் சைக்கிளும் வந்தன. வந்தது நல்லதுதான், பாட்டியின் முதுகெலும்பைக் கேட்டால் சொல்லும். சோற்றுக் குவியல் மட்டும் குறையவில்லை. மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி, சர்க்கரை போட்ட டீ நாலு, பொரித்த பலகாரம், ஊறுகாய் அப்பளத்தில் உப்பு. 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய். பீடி சிகரெட் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. அந்தக் குழந்தைகள் நடுவயதைத் தாண்டிய பிறகு ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தேடிப்பிடித்து இதயத்தைச் சோதித்தார்கள். பிறக்கும்போது எடை குறைவாக இருந்தவர்களிடம்தான் இதயநோய் அதிகம் காணப்பட்டது. வயிற்றில் இருக்கும்போது பட்டினியைப் பார்த்த உடம்பு, கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகிவிடுகிறது என்பது விளக்கம். பிறகு நிறையக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே வினையாகிறது. உங்கள் அப்பா அறுபதுகளின் நடுவில் பிறந்திருப்பார். ஊரெல்லாம் அரிசிப் பஞ்சம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியில் 1967 தேர்தலே திரும்பிய காலம். உங்கள் பாட்டி அவரைச் சுமந்தபோது என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் மாரடைப்புக்கு இந்தக் காலத்துச் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்வது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்துப் பட்டினிக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

மருந்து ஆயுளைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. எழுபதுகளில் இந்தியாவில் 60 வயதைத் தொட்டவர் அதற்குமேல் சராசரியாக ஏறத்தாழ 14 வருடம் வாழ்ந்தார். இன்று 18 வருடம். குழந்தைச் சாவு எதுவும் கலக்காத கணக்கு இது. சர்க்கரையும் கொதிப்பும் இவ்வளவு கூடியும் கிழவர்களின் ஆயுள் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. பி.பி. மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு. மருந்தில் தப்பு நடக்காமல் இல்லை: சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக், தேவையில்லாத ஊசி, தேவையில்லாத ஸ்கேன். அதை எதிர்த்துப் பேச வேண்டும். ஆனால் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று பி.பி. மாத்திரையைத் தானாக நிறுத்தி, ஆறு மாதத்தில் வாய் கோணிக் கை விழுந்து வந்தவர்களை நான் விரல்விட்டு எண்ண முடியாது. மாத்திரை போட்டதால்தான் நல்லா இருந்தது. 2021இலிருந்து அரசே வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையைக் கொடுக்கிறது; வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து சோடாவும் ஓமவாட்டரும் குடித்துவிட்டுப் படுப்பது நம் வழக்கம். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போல அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வேர்த்துக் கொட்டினால் 108க்குப் போன் போடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைத்தால் இதயத் தசை பிழைக்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் பிழைக்காது.

உங்களுக்கு 33 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு இந்த வயதில் வந்ததால் உங்களுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இந்த மாதமே பி.பி., வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவதைப் போல வேறு எந்தச் சிகிச்சையும் இல்லை. கம்பங்கூழ் தாராளமாகக் குடிக்கலாம். ஒரு கிண்ணம், மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு. மோர் மிளகாய் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் உப்பு அதிகம். கூழுக்கு மேல் ஒரு தட்டுச் சோறும் தின்றால் பலன் இல்லை; சோற்றுக்குப் பதிலாகக் கூழ். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியலும் கீரையும் சுண்டலும் வையுங்கள், அசைவம் உண்டென்றால் குழம்பு மீனும். தினம் முக்கால் மணி நேரம் மூச்சு வாங்கும்படி நடங்கள்.

டாக்டரிடம் போகும்போது அப்பாவின் பழைய மருந்துச் சீட்டும் ஈ.சி.ஜி.யும் வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.